வெறும் நாடா ஓடும் சத்தம்

எங்கள் தெருவில் கவிதா என்றொரு பெண் இருக்கிறாள். போன வருஷம்தான் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தாள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் என்னிடம் வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. என் பேச்சைப் பொறுமையாகக் கேட்க வீட்டில் ஆள் இல்லாததால், அவள் வருவது எனக்கும் தேவையாகத்தான் இருக்கிறது. போன வாரம் வந்தவள் ரொம்பவும் சலித்துக்கொண்டாள்.

“டீச்சர், ஒரு புள்ள நெசமாவே படிக்குதா, இல்ல படிக்கிற மாதிரி பாவலா காட்டுதான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? அதுக்குன்னு ஃபோன்ல ஒரு செயலி குடுத்திருக்காங்க. ஒவ்வொரு புள்ளைக்கும் அதுல தொட்டுத் தொட்டு முடிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிருது.”

“காதால” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். கிழவி தூக்கக் கலக்கத்தில் ஏதோ உளறுகிறது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். ஆனால் நான் சொன்னது உளறல் இல்லை. பயிற்சிப் பள்ளிக்குப் போவதற்கு வெகு முன்னாலேயே நான் வாத்தியார் வேலைக்குத் தயாராகிவிட்டேன் என்பதும், அதை யாரும், நானும்கூட, அப்போது அறிந்திருக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரிய நியாயமில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது சின்னாளப்பட்டியில், தறிக்காரர் வீட்டில். நடுவீட்டில் மூன்று தறிகள். ஒன்றில் அப்பா, ஒன்றில் பெரியப்பா, வாசலோரத் தறியில் சித்தப்பா. எனக்குத் தார் சுற்றும் வேலை. ராட்டையைச் சுற்றிச் சின்னக் குச்சியில் நூலை ஏற்றித் தர வேண்டும். அதற்குத்தான் தார் என்று பெயர். அந்தத் தார், நாடா என்கிற படகு மாதிரியான கட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குக் குறுக்கே இங்கும் அங்கும் ஓடி நூலை விடும். தீர்ந்தால் அடுத்த தார். மூன்று தறிக்கும் சுற்றித் தருவது நான் ஒருத்திதான். யாருக்கு எப்போது தீரும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் ராட்டை நின்றுவிடும். அதனால் கண்ணை ராட்டையில் வைத்துக் காதைத் தறிகளில் வைக்கப் பழகிக்கொண்டேன். நூல் நிறைய இருக்கும்போது நாடா கனத்த சத்தம் போடும். தீரத் தீர அந்தச் சத்தம் லேசாகிக்கொண்டே வரும். பெரியப்பாவுக்குத் தீரப் போகிறது என்பது பெரியப்பாவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ராட்டை சுற்றிக்கொண்டே தூங்குவேன். கை பாட்டுக்குச் சுற்றும், தலை பாட்டுக்கு ஆடும். கூரைக் கண்ணாடி வழியே விழும் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி மெல்ல மெல்ல மேலே போய்க்கொண்டிருக்கும். மூன்று தறிச் சத்தமும் சேர்ந்து ஒரே சத்தமாகி என் தூக்கத்துக்குள் வந்துவிடும். அந்தச் சத்தம் என்னை எழுப்பியதே இல்லை. ஏதாவது ஒரு தறி நின்றால்தான் திடுக்கென்று விழிப்பேன். எங்கள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான். சத்தம் நின்றால் எங்கோ நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

சித்தப்பா கொஞ்சம் கனவுலகவாசி. நெய்துகொண்டே வாசல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் அரைத் தூக்கத்தில் இருந்தபோது திடீரென்று விழிப்பு வந்தது. மூன்று தறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எதுவுமே நிற்கவில்லை. அப்புறம் ஏன் விழித்தேன்? உற்றுக் கேட்டேன். வாசலோரத் தறியின் சத்தம் வழவழவென்று இருந்தது. எங்கேயும் இழுப்பில்லை, கனமில்லை.

“சித்தப்பா, நாடா வெறுமனே ஓடுது” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். தார் எப்போதோ தீர்ந்திருக்கிறது. மனிதர் நூலே இல்லாத நாடாவை ஓட்டி ஓட்டி அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். காலும் கையும் வேலை செய்திருக்கின்றன; துணி ஒரு விரற்கடைகூட வளரவில்லை. அப்பா எழுந்து வந்து பார்த்துவிட்டு, “ஏலே, நெய்ஞ்ச சேல எங்கடா? காத்துக்குக் கட்டிவிட்டியா?” என்று கேட்டார். வீடே சிரித்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் யாராவது ஒப்புக்கு வேலை செய்தால், “வெறும் நாடா ஓட்டாத” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்றும் அந்த வீட்டில் பார்த்தேன். நெய்த துணியில் பின்னால் எங்கேயோ ஓர் இழை விட்டுப்போயிருப்பது தெரிந்தால், அப்பா திட்டமாட்டார், பெருமூச்சும் விடமாட்டார். நெய்ததை வரிசை வரிசையாகப் பின்னோக்கிப் பிரித்து, தப்பு நடந்த இடத்துக்கே போய், அங்கிருந்து மறுபடி நெய்வார். “மேல மேல நெய்ஞ்சுக்கிட்டே போனா தப்பு மறைஞ்சிராது தாயி. உள்ள உக்காந்துக்கிரும்” என்பார்.

பிறகு திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாடத்திட்டம் எழுதினோம், அட்டையில் பழங்கள் வரைந்தோம், நோக்கங்களை மனப்பாடம் செய்தோம். மாதிரி வகுப்பு எடுக்கும்போது நான் நடுநடுவே பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்த மேடத்துக்கு அது பிடிக்கவே இல்லை. “என்னம்மா அப்படிக் கேக்குற? பேயா வருது?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார். நான் எதைக் கேட்கிறேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எண்பதுகளின் ஆரம்பத்தில் எனக்கு வேலை கிடைத்தது, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவிலிருந்த ஒரு சின்னக் கிராமத்தில். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், தூரத்தில் சிறுமலை பாதி தெரியும், பாதி பனிக்குள் இருக்கும். பள்ளிக்கூடம் ஒரே ஓட்டுக் கூடம். ஐந்து வகுப்புக்கும் இரண்டே வாத்தியார்கள், தலைமையாசிரியரும் நானும். பிள்ளைகளில் பாதிப் பேர் விடியுமுன் எழுந்து அம்மாக்களோடு பூப்பறித்துவிட்டு நேரே பள்ளிக்கு வருவார்கள். வெயில் ஏறினால் மொட்டு விரிந்துவிடும் என்பதால் அந்த அவசரம். முதல் பாடவேளையில் அவர்கள் கண் சொருகும், கூடம் முழுக்க மல்லிகை வாசனை அடிக்கும். பாடம் நடத்துகிறேனா, தாலாட்டுப் பாடுகிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

தலைமையாசிரியர் அருளப்பன் சார். சலவை வேட்டி, எப்போதும் கக்கத்தில் ஒரு குடை. அவர் பிரம்பைத் தொட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தமாட்டார். எழுதி முடித்தால் சாக்பீஸ் தூசி போகக் கையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. அவர் பள்ளியைக் கண்காணிக்கும் முறைதான் வேடிக்கை. வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. அதன் விளிம்பில் உட்கார்ந்து, குடையைக் குறுக்கே வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே பிள்ளைகள் கோரஸாகப் பாடம் சொல்லும் சத்தத்தைக் கேட்பார். சத்தம் சீராக வந்தால் முகம் மலர்ந்துவிடும்.

“பள்ளிக்கூடம்னா இரையணும் டீச்சர். தேன்கூடு இரையுற மாதிரி. சத்தமில்லாத கூட்டுல தேன் இருக்காது” என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். அவருக்கும் காதுதான் கண் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்றும் நாலும் தனக்கு என்று வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, ஐந்து மூன்றையும் எனக்குத் தந்தார். சின்னதோடு பெரியதையும் ஏன் தருகிறார் என்று விழித்தேன். “அஞ்சாப்புக்கு நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். அது தானா ஓடுற வண்டி. பேச்சி இருக்கா” என்றார்.

முத்துப்பேச்சி ஒல்லியாக, இரட்டைச் சடையில், எண்ணெய் மினுங்கும் நெற்றியோடு இருப்பாள். எழுந்து புத்தகத்தைப் பிரித்து அவள் ஒரு வரி சொன்னால் வகுப்பு திருப்பிச் சொல்லும். அந்தக் குரலைச் சொல்லிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. பூக்காடு வரைக்கும் கேட்கும். அங்கே அவள் அம்மா பாண்டியம்மா பறித்துக்கொண்டே காதைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வைத்திருப்பாள். “எம்புள்ள படிக்கிறது கேக்குதா?” என்று பக்கத்து வரிசைக்காரியிடம் கேட்பாளாம்.

பேச்சிக்கு அப்பா இல்லை. பெரியப்பா வைத்ததுதான் வீட்டில் சட்டம். பொட்டப்புள்ளைக்கு ஐந்தாவதே அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஊரே அவள் குரலைப் புகழ்ந்ததால் இறங்கி வந்திருந்தார். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டால் போகட்டும், சேர்க்காவிட்டால் பூக்காடு என்று முடிவு. அந்தப் பள்ளியில் ஆறாவதுக்கு வரும் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லித்தான் சேர்ப்பார்கள். பேச்சிக்கு அதில் என்ன கஷ்டம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

எனக்கு அந்தக் கூடம் ஒரே வாரத்தில் வீடாகிவிட்டது. ஒன்றாம் வகுப்பு மணலில் எழுதும், இரண்டாம் வகுப்பு சிலேட்டில் கணக்குப் போடும், ஐந்தாம் வகுப்பு வாசிக்கும். மூன்று தறி. ஒன்றாம் வகுப்புக்கு முதுகைக் காட்டி நிற்கும்போதே அங்கே வேலை தீர்ந்துபோனது தெரியும். சத்தம் லேசாகும், கிசுகிசு ஆரம்பிக்கும் முன் போய் அடுத்த எழுத்தைக் கொடுத்துவிடுவேன். “டீச்சருக்கு முதுகுல கண்ணு” என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள். ஓட்டின் மேல் மழை பெய்துகொண்டிருந்தது. சிறுமலை இருந்த இடத்தில் மலையே இல்லை, வெள்ளையாக ஏதோ இருந்தது. நான் சன்னலில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் பாதி கனவில் இருந்தேன். பேச்சி குளத்தைப் பற்றிய பாடத்தைத் தனியாக வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று விழிப்பு வந்தது. எந்தச் சத்தமும் நிற்கவில்லை. மூன்று வகுப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சித்தப்பாவின் தறி எனக்கு ஞாபகம் வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பேச்சியின் குரலை மட்டும் கேட்டேன். அந்த வயசுப் பிள்ளை புத்தகம் பார்த்துப் படித்தால், வரி முடிகிற இடத்தில் கண் மறுகோடிக்குத் திரும்பி அடுத்த வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன மூச்சு நேரம் ஆகும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கும் அது உண்டு. பேச்சியின் குரலில் அது இல்லவே இல்லை. வழவழவென்று ஓடியது. பக்கம் புரள்கிற இடத்தில்கூடக் குரல் முன்னால் போய்விட்டது, கை பின்னால் புரட்டியது.

சத்துணவுக்கு மணி அடித்து எல்லாரும் தட்டோடு ஓடியபோது அவளை மட்டும் நிறுத்தினேன். பக்கத்தின் நடுவில் விரலை வைத்து, “இங்கேருந்து படி கண்ணு” என்றேன்.

அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பாடத்தின் முதல் வாக்கியத்திலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து வாய்விட்டு ஆரம்பித்தாள். அழகாகத்தான் சொன்னாள். ஆனால் அது என் விரல் இருந்த வரி இல்லை, அதற்கு மேலே எங்கேயோ இருந்த வரி. சொல்லும்போது அவள் கண் புத்தகத்தில் இல்லை, என் முகத்தில் இருந்தது.

“சரியா டீச்சர்?”

என் விரல் அந்த வரியிலேயே இருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது.

“அம்மாகிட்டச் சொல்லிராதீங்க டீச்சர். அது பூக்காட்டுல எங்கொரலத்தான் கேட்டுக்கிட்டு இருக்கும்.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. பிரமித்துப்போனேன். அந்தக் கூடத்தில் சுவர் கிடையாது. ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த நாள்முதல் ஐந்தாம் வகுப்புப் பாடங்கள் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன. புத்தகமும் வருஷக்கணக்கில் மாறவில்லை. அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்து சேரும்போது முழுப் புத்தகமும் அவளுக்குள் இருந்தது. கரும்பலகை எழுத்தைக் கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி நோட்டில் வரைந்துவிடுவாள். ஊரிலேயே அழகான கையெழுத்து அவளுடையதுதான். கணக்கு மனக்கணக்கு. பரீட்சையில் பெரும்பாலும் வாயால்தான் கேள்வி. யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. எழுத்து மட்டும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“அந்தக் கொரலு படிக்கலேன்னா இந்தப் பள்ளிக்கூடத்துல வேற யாரு டீச்சர் படிக்கிறா?”

“அதத்தான் சார் நானும் யோசிக்கிறேன்.”

எனக்கு வாய்த்துடுக்கு அதிகம். அவர் தூறலில் குடையை விரித்துக்கொண்டு போய்ச் சிமெண்டுத் தொட்டியில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

“மாசியில ஆண்டாய்வு வருது. அதிகாரி முன்னாடி அவளத்தான் நிறுத்தணும். அதுவரைக்கும் அந்தக் கொரல ஒண்ணும் பண்ணிராதீங்க. பெறகு பாத்துக்குவோம்.”

“பெறகுன்னா பரீட்சை, லீவுன்னு போயிரும் சார். அந்த ஹைஸ்கூல்ல புஸ்தகத்த நடுவுல தொறந்து நீட்டுவாங்க. அங்க கோரஸ் கெடையாது.”

பிறகு சித்தப்பா கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வேறு எப்படி விளக்குவது என்றும் தெரியவில்லை. சிரிக்காமல் கேட்டார்.

“ஒங்க சித்தப்பா அப்புறம் என்ன செஞ்சாரு?”

“தார் மாத்துனாரு சார். அம்புட்டுத்தான்.”

“மாத்துற நேரம் தறி நிக்கும்ல?”

“நிக்கும் சார்.”

அவர் குடையை மடக்கினார். “ஆய்வு அன்னைக்கு அவ சொல்லணும் டீச்சர். அது எனக்கு வேணும். மத்தது ஒங்க பாடு” என்றார்.

தப்பு எங்கே நடந்தது என்று பேச்சியிடம் மெல்ல மெல்லக் கேட்டேன். ஒன்றாம் வகுப்பில் எழுத்து ஆரம்பித்த சமயம் தம்பி பிறந்திருக்கிறான். அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது வகுப்பு வெகுதூரம் போயிருந்தது. எட்டிப் பிடிக்க அவளுக்குக் கிடைத்தது சத்தம் ஒன்றுதான். ஆக, அந்த இடம்வரைக்கும் பிரிக்க வேண்டும். ஆனால் ஐந்தாம் வகுப்புத் தலைவியை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் அன்று சாயங்காலமே பெரியப்பா காதுக்குப் போய்விடும்.

அதனால் மணல் பரப்பி எழுத வைக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். காலையில் முதல் ஆளாக வருவாள், விரல் நுனியில் பூவாசனையோடு. நான் ஓர் எழுத்தை மணலில் எழுதிக் காட்டுவேன். அவள் எழுதுவாள், அழிப்பாள், எழுதுவாள். சின்னவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்ததும் அவர்களின் கையைப் பிடித்து அதே எழுத்தை எழுத வைப்பாள். அவர்களைவிட ஓர் எழுத்து முன்னால் இருந்தால் போதும். தூக்கம் கலையாத அந்தக் காலைகள், மணலில் விரல் ஓடும் சரசரப்பு, வெளியே பனியில் கரைந்து நிற்கும் மலை, எல்லாம் இப்போதும் எனக்குக் கனவில் வரும்.

மத்தியானத்தில் அடுத்த வேலை. அவளுக்கு மனப்பாடமான பாடத்தையே எடுத்து வைத்து, “வாய் விரலுக்கு முன்னால போகக் கூடாது” என்று சொன்னேன். ஒரு சொல்லைச் சொன்னால் விரல் அந்தச் சொல்லின் அடியில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் வாய் ஓடிவிடும், விரல் நடுவழியில் நிற்கும். நிறுத்தி மறுபடி முதலிலிருந்து. காதுக்குத் தெரிந்த சொல்லின் முகம் எது என்று கண் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கியது. ஆனால் அந்தக் குரல் போய்விட்டது. ஆற்று நீர் மாதிரி வந்த குரல் இப்போது தட்டித் தட்டி, நின்று நின்று வந்தது. கோரஸுக்கு வேறு பிள்ளையை நிறுத்தினேன்.

சார் சிமெண்டுத் தொட்டியில் கண்ணை மூடுவதையே விட்டுவிட்டார். அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் பாண்டியம்மா வந்துவிட்டாள், மடியில் பூவோடு, பாதி வேலையில். வாசல் படியேறாமல் கீழேயே நின்றாள்.

“எம்புள்ள கொரலக் காணமே டீச்சரம்மா. என்ன தப்புச் செஞ்சா? அவுக பெரியப்பாவும் கேக்குறாரு, படிப்பு ஏறலையோன்னு. ஏறலேன்னா இப்பவே சொல்லிருங்க, நான் மனசத் தேத்திக்கிறேன்.”

பேச்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கூடத்துக்குள்ளிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை நான் நினைத்தது நடக்காமல் போனால், இருந்த குரலையும் கெடுத்த பாவம் எனக்குத்தானே?

“தறியில தார் தீந்தா மாத்துவாங்கம்மா. அப்ப செத்த நேரம் சத்தம் இருக்காது. அம்புட்டுத்தான். நான் தறிக்காரி மக சொல்றேன், நம்பிப் போங்க.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மடியிலிருந்து ஒரு கை மொட்டை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

மாசியில் அதிகாரி வந்தார். இளநீர் குடித்தார், வருகைப் பதிவேட்டைப் பார்த்தார், கூடத்தைச் சுற்றி வந்தார். அருளப்பன் சார் அன்று தும்பைப்பூ மாதிரி வேட்டி கட்டியிருந்தார். எல்லாம் முடிந்து அதிகாரி, “நல்லாப் படிக்கிற பிள்ளை ஒண்ணு படிக்கட்டும்” என்றார்.

“பேச்சி, சொல்லும்மா” என்றார் சார்.

பேச்சி எழுந்தாள். குளத்துப் பாடம். அவள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி; அந்தப் பழைய குரல் அவளுக்குள் அப்படியே இருந்தது என்பது எனக்குத் தெரியும். புத்தகத்தைப் பிரித்தாள். பிறகு வலது கை மெல்ல வந்து பக்கத்தின் மேல் இறங்கியது. விரல் முதல் சொல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

படித்தாள். ஒவ்வொரு சொல்லாக, எழுத்துக்கு எழுத்து தடவித் தடவி. வரி முடிந்ததும் நின்றாள், தேடினாள், அடுத்த வரியைப் பிடித்தாள். கூடத்தில் மற்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரியின் புருவம் ஏறியது.

“என்ன சார், இதுதான் ஒங்க நல்ல பிள்ளையா? திக்கித் திக்கி வருது.”

‘பயந்துட்டா சார்’ என்று சொல்லிவிடலாம். ‘புஸ்தகத்த மூடிட்டுச் சொல்லு பேச்சி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் குரல் வந்து எல்லாரையும் மயக்கிவிடும். சார் அதைத்தான் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையிலிருந்த சாக்பீஸ் தூசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுவரைக்கும் மனப்பாடமாச் சொல்லிக்கிட்டிருந்தா சார். இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சிருக்கா. தப்பு பள்ளிக்கூடத்து மேல, எம்மேல. பிள்ளையச் சொல்லாதீங்க. நடுவுல எங்க வேணும்னாலும் தொறந்து குடுங்க, படிப்பா.”

அதிகாரி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு புத்தகத்தை வாங்கி, இன்னும் நடத்தாத கடைசிப் பாடங்களில் ஒன்றை நடுவில் பிரித்து நீட்டினார். பேச்சியின் உதடு இந்தத் தடவை முன்கூட்டி அசையவில்லை. விரல் இறங்கியது. மெதுவாக ஒரு வரியைப் படித்தாள், திரும்பினாள், இன்னொரு வரியைப் படித்தாள். அதிகாரி ‘போதும்’ என்று தலையாட்டிவிட்டு எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று சார் எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவர் தொட்டியில் உட்காரவில்லை. பிள்ளைகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பக்கத்தின் நடுவிலிருந்து படிக்கச் சொன்னார். பள்ளிக்கூடம் ரொம்ப நாளைக்கு இரையவே இல்லை.

அன்று சாயங்காலம் பேச்சியிடம் கேட்டேன். “சொல்லியிருந்தா எல்லாரும் கைதட்டியிருப்பாங்கல்ல? ஏன் புள்ள சொல்லல?”

“அந்த அய்யா படின்னுதானே டீச்சர் சொன்னாரு” என்றாள்.

ஆனி மாதம் உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கை. பாண்டியம்மா தனியாகப் போகப் பயந்ததால் நானும் கூடப் போனேன். பேச்சியின் பெரியப்பா சைக்கிளைப் பள்ளி வாசலில் நிறுத்தி, அதன் மேலேயே சாய்ந்துகொண்டார். “சேத்தா சேக்கட்டும். இல்லேன்னா நாளைக்கே பூவெடுக்கப் போகட்டும்” என்றார். பேச்சியை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது. நாங்கள் இருவரும் தாழ்வாரத்தில் நின்றோம். ஒன்றும் தெரியவில்லை, கேட்கத்தான் முடிந்தது.

புத்தகம் புரளும் சத்தம். யாரோ, “இங்கேருந்து” என்றார்கள். பிறகு பேச்சியின் குரல், மெல்ல, ஒவ்வொரு சொல்லாக. பாண்டியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பூக்காட்டில் நின்று கேட்கிற மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

சட்டென்று குரல் நின்றது. பாண்டியம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“நின்னுபோச்சே டீச்சரம்மா!”

“நிக்கலம்மா. அடுத்த வரிக்குத் திரும்புறா” என்றேன்.

உள்ளே குரல் மறுபடி எழுந்தது.